2009 ஜனவரி 1

அம்மாவின் கம்ப்யூட்டருக்கு எல்லா நாளும் 2009 ஜனவரி 1தான். ஸ்விட்சைப் போட்டு சிபியு பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து நிற்கும். அதைப் படிக்காமலே எஃப்1 கீயைத் தட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை மேடும் நீல வானமும் வரும். வலது கீழ் மூலையில் மணி பன்னிரண்டு தாண்டி இரண்டு நிமிஷம் என்று காட்டும். நடு ராத்திரி பன்னிரண்டு. வெளியே செஞ்சியில் காலை பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்பது வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. "பத்திரிகைல தேதிய நான்தான அடிக்கிறேன், அதுக்கு எதுக்குத் தேதி?" என்பாள். நியாயமான கேள்விதான். நானும் விட்டுவிட்டேன்.

2025 செப்டம்பர் கடைசியில் போன் செய்தாள். சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போனை வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள். "ஆயுத பூஜைக்கு வர்றப்போ ஒரு வேல செய்டி. நம்ம வீட்டு வைஃபைய என் கம்ப்யூட்டருக்கும் குடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கம்பெனியில் ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். எங்கோ உட்கார்ந்திருக்கிறவர்களின் கம்ப்யூட்டரை சென்னையிலிருந்தே சரிசெய்வதுதான் வேலை. பழைய மெஷின் என்று யாராவது டிக்கெட் போட்டால் முதலில் எழுதுகிற பதில் விரலுக்கே பழகிவிட்டது: மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அதையே சொன்னேன். "அத தூக்கிப் போடும்மா. நான் வாங்கிக் குடுத்த லேப்டாப் என்ன ஆச்சு?"

லேப்டாப் பீரோவில் இருந்தது. கவர்கூடப் பிரிக்காமல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து, சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு திரும்பப் போய்விடும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஒரு கண்ணீர் அஞ்சலி. மேட்டர் வாட்ஸ்ஆப்பில் வந்திருக்கிறது, கையால் எழுதிய தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, அப்பாவின் பூதக்கண்ணாடியால் பார்த்து அடித்திருக்கிறாள். இடது கண்ணில் புரை, இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. இறந்தவருக்கு வயது 71. இவள் 77 என்று அடித்துவிட்டாள். போஸ்டர் ஒட்டி முடித்த பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"சண்ட போட்டாங்களா?"

"போட்டிருந்தாதான் நல்லா இருந்திருக்கும். அந்தப் பையன் வந்து, பரவால்லக்கா, விடுங்கன்னுட்டுப் போயிட்டான்."

மறு பிரிண்ட் காசை அம்மாவே கொடுத்திருக்கிறாள். அந்த எழுத்தெல்லாம் பெரிய மானிட்டரில் தெரிந்தால் போதும் என்பதுதான் அவளுடைய கோரிக்கை. இன்டர்நெட் வேண்டாம், யூடியூப் வேண்டாம். வாட்ஸ்ஆப் பெரிதாகத் தெரிய வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல முடியாது. எண்பதுகளில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் தமிழிலும் இங்கிலீஷிலும் பாஸ் செய்தவள். அந்தக் காலத்தில் சின்ன ஊர்ப் பெண்களுக்கு அது ஒரு டிகிரி மாதிரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பக்கம் பிழைக்கப் போன முத்தையா என்கிறவர் தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். இருநூற்றுச் சொச்சம் எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்குவது சும்மா இல்லை. துணைக்காலுக்கு ஒரு விசை, புள்ளிக்கு ஒரு விசை, கொக்கிக்கு ஒரு விசை என்று பிரித்துப் போட்டால்தான் அடங்கும். அந்த மாதிரி ஒரு விசைவரிசைதான் அம்மாவின் பத்து விரலிலும் இருக்கிறது. தாலுகா ஆபீசுக்குக் கொடுக்கிற மனு, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்த விரல் வழியாகத்தான் போயின. எனக்கும் லோயர் வரைக்கும் கற்றுக்கொடுத்தாள். ஹையர் போகாமல் நான் இன்ஜினியரிங் போனேன்.

2009-ல், நான் ஒன்பதாவது படிக்கும்போது, அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். இரண்டு ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட்டிஸ்க், கடைக்காரர் ஏதோ பழைய சிடியிலிருந்து போட்டுக்கொடுத்த விண்டோஸ் எக்ஸ்பி. அதில் பேஜ்மேக்கர். அதில் பாமினி எழுத்துரு. பாமினி பழைய டைப்ரைட்டர் விசைவரிசையை ஒட்டி அமைந்தது என்பதால் அம்மா முதல் நாளே பறக்க ஆரம்பித்தாள். ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதுதான். மெஷினைப் பொறுத்தவரை அம்மா அடிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அதை ‘அம்மா’ என்று வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முகமூடி கழன்று வெறும் இங்கிலீஷ் குப்பை கொட்டும். நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் நடந்தது இதுதான். முதல் நாளே ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்த்திருக்கிறாள். பத்து வருஷ வேலை குப்பையாகத் தெரிந்ததும் மூடி வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, நான் வருத்தப்படுவேனாம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஏறினேன். பையில் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கிய வைஃபை டாங்கிள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

திருவண்ணாமலை ரோடு செஞ்சியைத் தாண்டும்போது ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் ராஜகிரி. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டினதுபோலப் பாறை மேல் பாறை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது எங்களுடையது. அதற்கு அம்மா ஒரு வாழ்த்துப் போஸ்டர் அடித்தாள். வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை மேலே இருக்கிறது. எங்களுக்குக் கல் எல்லா இடத்திலும் இருக்கிறது. தாத்தா கட்டிய எங்கள் வீட்டின் நடுச்சுவரும் கருங்கல்தான், ஒன்றரை அடி தடிமன். வைஃபை டப்பா முன் ஹாலில். அம்மாவின் கம்ப்யூட்டர் சுவருக்கு அந்தப்பக்கம்.

இந்த டப்பாக்கள் இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவரைக் கொஞ்சம் தாண்டும். இந்தியாவில் 2.4-ஐ லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று ஆனது 2005 ஜனவரியில். என் டாங்கிளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். நல்லதாகப் போயிற்று.

பூஜை அன்று காலை சிபியுவைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை எல்லாம் ஆன பிறகு டாங்கிளைச் செருகினேன். அன்றைக்குக் கருவிகளைத் தொடக் கூடாது என்பாள் அம்மா. "நான் தொடல, மாட்டிதான் பாக்கறேன்" என்றேன். சின்ன விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் வந்தது. அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பாஸ்வேர்டு அடித்தேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இணையவில்லை.

பாஸ்வேர்டு தப்பில்லை. வைஃபைக்கு 1997-ல் முதலில் போட்ட பூட்டின் பெயர் வெப். 2001-லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003-ல் டபிள்யுபிஏ, அடுத்த வருஷம் டபிள்யுபிஏ2, 2018-ல் மூன்று. எங்கள் வீட்டு டப்பா இரண்டையும் மூன்றையும் கலந்து பேசுகிறது. அம்மாவின் எக்ஸ்பியோ சர்வீஸ் பேக் 2-ல் நின்றுபோனது, அதற்கு இரண்டே சரியாகத் தெரியாது. 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3-ஐ என் லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். டப்பாவில் விருந்தாளிகளுக்கு என்று தனியாக ஒரு இணைப்பு வைக்கலாம். அதை 2.4-ல், டபிள்யுபிஏ2 மட்டும் வைத்து உருவாக்கினேன். மத்தியானம் மூன்று மணிக்கு "இணைந்தது" என்ற அர்த்தத்தில் ஒரு மஞ்சள் பலூன் வந்தது. அம்மா போய்க் காபி போட்டுவந்தாள்.

காபி ஆறுவதற்குள் அடுத்தது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சான்றிதழ் சரியில்லை, சான்றிதழ் சரியில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. இப்போது ஒவ்வொரு இணையதளமும் தன்னை யார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அம்மாவின் கம்ப்யூட்டர் 2009-ல் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறது. இன்னும் பிறக்காத சான்றிதழை எப்படி நம்பும்? பகலெல்லாம் இதே மாதிரி டிக்கெட் பார்க்கிற எனக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் புத்தி வேலை செய்வதில்லை.

மதர்போர்டில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷின் தேதியை மறக்காமல் இருப்பது அதனால்தான். அது செத்து ஒன்பது வருஷம். மறுநாள் வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். போட்டு, தேதியைத் திருத்தினேன். சான்றிதழ்ச் சண்டை குறைந்தது. ஆனால் பக்கங்கள் அப்போதும் திறக்கவில்லை. அந்த எக்ஸ்பியில் இருந்த பிரவுசருக்கு இன்றைய இணையம் பேசுகிற சங்கேத மொழி தெரியாது. எக்ஸ்பிக்கான குரோம் 2016-ல் நின்றது, ஃபயர்ஃபாக்ஸ் 2018-ல். எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துபோனது. நான் ஏதாவது குறுக்கு வழியில் திறந்துகொடுத்திருக்கலாம். கொடுத்தால் அது பூட்டு இல்லாத வீடு. ஊர் ஜனங்களின் ஆதார் நம்பர், பட்டா நம்பர் எல்லாம் அதில் கிடக்கிறது.

அப்போதுதான் சண்டை வந்தது.

"இது முடியாதும்மா. லேப்டாப்ப எடு."

"இது ஓடுதா இல்லையா?"

"ஓடுது. ஆனா..."

"ஓடறத எதுக்குடி தூக்கிப் போடணும்?"

என்னிடம் நல்ல பதில் இல்லை. குரலை உயர்த்தினேன். ஒவ்வொரு வருஷமும் இந்த டப்பாவுக்காக வந்து நிற்க முடியாது என்றேன். அம்மா எதுவும் சொல்லாமல் மானிட்டர் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

அடுத்த நாள் காலை நான் ராஜகிரி ஏறினேன். கோபம் வந்தால் ஏறுவதற்கு ஒரு மலை இருப்பது எங்கள் ஊரின் வசதி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம் இருக்கிறது, இருபத்துநாலு அடி அகலம், அறுபது அடி ஆழம் என்பார்கள். மேலே போக அதன் குறுக்கே ஒரு பாலம் மட்டும்தான். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் முற்றுகை போட்டவர், கோட்டை கைக்கு வந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். பாலத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது அம்மாவின் கம்ப்யூட்டர்தான் ஞாபகத்தில் இருந்தது. பதினாறு வருஷம் வெளியே எந்தத் தொடர்பும் இல்லாமல் ஓடியிருக்கிறது. அது கெட்டுப்போகவில்லை. ராம் சரியாக இருக்கிறது, ஹார்ட்டிஸ்க் சரியாக இருக்கிறது, பேஜ்மேக்கர் அன்றைக்கு எப்படித் திறந்ததோ அப்படியே இன்றைக்கும் திறக்கிறது. மாறியதெல்லாம் வெளியே. நாங்கள்தான் பூட்டுகளை மாற்றிக்கொண்டே போயிருக்கிறோம். மாற்றாமலும் முடியாது. 2016-ல் வாங்கிய என் சொந்த லேப்டாப்புக்கு அந்த அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் கெடு முடிகிறது, 11 போட அதன் பிராசசர் லாயக்கில்லை என்று கம்பெனிக்காரனே சொல்லிவிட்டான். ஒன்பது வயது மெஷின். அதை யாரிடம் போய்த் தூக்கிப் போடு என்று நான் கேட்க?

இறங்கி வந்து அம்மாவிடம், "எக்ஸ்பி அப்படியே இருக்கட்டும். அதுக்கு வைஃபை வேணாம். பக்கத்துல இன்னொன்னு போடறேன்" என்றேன். லினக்ஸ் மின்ட் என்று ஒன்று. அதில் எளிய வகைக்கு இரண்டு ஜிபி ராம் போதும். கம்ப்யூட்டரைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும். பேஜ்மேக்கர் வேண்டுமென்றால் எக்ஸ்பி, வாட்ஸ்ஆப் வேண்டுமென்றால் மின்ட். மின்ட்டில் மேட்டரைப் பெரிதாகப் பார்த்து அங்கேயே அடித்தும் விடலாம், பழைய டைப்ரைட்டர் விசைவரிசை அதிலும் உண்டு. அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "என் பைலு போகாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

போகக் கூடாது என்றுதான் முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அப்போதுதான் அந்த ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

2009-லிருந்து 2016 வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு சேமித்தது எல்லாம் 2009 ஜனவரி 1. பேட்டரி செத்ததிலிருந்து, அம்மா தினமும் புதிதாகத் தொடங்கிய அந்த ஒரே நாள். ஊரில் ஒன்பது வருஷம் நடந்த கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அந்த ஒரே ராத்திரியில், பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் நடந்து முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்த பெயர்கள் நிறைய. பால்காரர், என் கணக்கு டீச்சர், எதிர்வீட்டு ஆயா.

நடுவில் ‘அப்பா’ என்று ஆங்கில எழுத்தில் மூன்று பைல்கள். அப்பா1, அப்பா2, அப்பா3.

அப்பா போனது 2019-ல். நான் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விடியும்போது நான் இறங்கிய பஸ் ஸ்டாண்டிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தது. பிரஸ்காரர் பார்த்து அடித்திருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டதுகூட இல்லை.

முதல் பைலைத் திறந்தேன். பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம். ‘அன்னாரின் பிரிவால் வாடும்’ என்பதற்குக் கீழே அப்பாவின் தம்பிகள், தங்கை, மகள் என்று என் பெயர், பிறகு ‘மற்றும் உற்றார் உறவினர்’. அவ்வளவுதான். மனைவி இல்லை. இரண்டாவது பைலில்தான் மகளுக்கு மேலே ‘மனைவி’ என்று வந்து, அம்மாவின் பெயர் இருந்தது. மூன்றாவதில் ஓர் ஒற்று சரிசெய்யப்பட்டிருந்தது. எத்தனையோ பேருக்கு அடித்த கை. வெளியாளாகவே அடித்துப் பழகி, முதல் தடவை தன்னை மறந்திருக்கிறாள்.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை.

"சித்தப்பா பிரஸ்ல சொல்லிடறேன்னாரு" என்றாள். "அவங்க ஒற்றெல்லாம் ஒழுங்கா போட மாட்டாங்க."

பிறகு அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். வேலை வேலையாகத் தேதி, பெயர், தொகை. கம்ப்யூட்டர் மறந்த தேதியெல்லாம் அதில் நீல மையில் வரிசையாக இருந்தது. அப்பாவின் வரியும் இருந்தது. தொகைக்கான கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

மின்ட் ஏறி முடிய மத்தியானம் ஆயிற்று. டாங்கிளுக்கு டிரைவர் சிடிகூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டு அடித்ததும் இணைந்தது. நேரம் இன்னும் சரியில்லை என்று திருத்தப் போனேன், அதற்குள் மூலையில் இருந்த எண்கள் தானாக மாறின. நெட்டில் எங்கோ இருக்கிற கடிகாரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. 2025 அக்டோபர் 3.

"இனிமே அதுவே பாத்துக்கும்மா."

"பழைய பைலுக்கும் மாறிடுமா?"

"மாறாது. அது அப்ப எழுதினது."

"சரி, இருக்கட்டும்" என்றாள்.

வாட்ஸ்ஆப்பை மானிட்டரில் திறந்து, அம்மாவின் போனைக் கட்டத்துக்கு நேராகக் காட்டி இணைத்தேன். மெதுவாகத்தான் வந்தது, அந்த மெஷினுக்கு அது கனம். யாரோ அனுப்பிய காதணி விழா மேட்டர் பதினேழு அங்குலத்துக்கு விரிந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். தாய்மாமன் பெயரில் ‘ழ’வா ‘ள’வா என்று போனில் தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தாளாம். ‘ழ’தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன். கிளம்பும் முன் எந்தக் கீயை அழுத்தினால் தமிழ், எதை அழுத்தினால் இங்கிலீஷ் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். திண்டிவனம் தாண்டும்போது போன் சத்தம் போட்டது. அம்மாவிடமிருந்து. ஆர், எச், ஜி, ஒரு அரைப்புள்ளி, பி, ஏ, எச். ஒட்டிய தாளைப் பார்க்காமல் அடித்திருக்கிறாள், விசைவரிசை இங்கிலீஷிலேயே இருந்திருக்கிறது. நான் மடியில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தேன். ஆர் என்றால் ச. எச் துணைக்கால். ஜி ப. அரைப்புள்ளி புள்ளி. பி என்றால் டி. ஏ ய. மறுபடி துணைக்கால்.

சாப்டியா.

நானும் இங்கிலீஷை மாற்றாமலேயே பதில் அடித்தேன்.